ஆரைச் செடியின் ஐம்பதாம் ஆண்டுத் திவசம்

கமோநுமா என்ற ஊரில் ஆரைச் செடி அழிந்துபோயிற்று என்று அறிவிப்பதற்கு மாவட்ட ஈரநிலச் செடிகள் பாதுகாப்பு அலுவலகம் சரியாக ஐம்பது வருடம் காத்திருந்தது. விதி அப்படி. கடைசியாகக் கண்ணில் பட்ட நாளிலிருந்து ஐம்பது வருடம் வேறு யார் கண்ணிலும் படாமல் இருந்தால்தான் ஒரு செடி முறைப்படி இறந்ததாக ஆகும். நாற்பத்தொன்பது வருடம் பதினொரு மாதம் வரைக்கும் அது 'தகவல் போதவில்லை' என்ற பிரிவில் உயிரோடு இருக்கும்.

ஆரை பெரணிக் குடும்பம். பூக்காது. நாலு இலையும் கூடி நிற்பதைப் பார்த்தால் வயலைக் குறிக்க அந்த ஊரார் நாலு கட்டமாகப் போடும் சித்திர எழுத்தை யாரோ தண்ணீர்மேல் எழுதிவைத்த மாதிரி இருக்கும். நாற்றை அமுக்குகிற களை என்று ஒரு காலத்தில் அதைத் திட்டாத வீடு அந்தப் பக்கத்தில் கிடையாது. அலுவலகத்துக்கும் அப்போது வேறு பெயர்: நெல்வயல் களை ஒழிப்பு அலுவலகம். கட்டடம் அதேதான். வாசல் பலகையைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்தில் புதுப் பெயரை எழுதிக்கொண்டார்கள்.

ஐம்பது வருடத்தை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்று பழைய கோப்புகளைப் புரட்டியபோது, 1968 ஜூலையில் ஒரு குறிப்பு அகப்பட்டது. "கீழ்வயலில் எஞ்சியிருந்த ஆரை கண்டறியப்பட்டு உடனே ஒழிக்கப்பட்டது. கண்டறிந்தவர்: களை ஒழிப்பு இளைஞர் படை உறுப்பினர் இவாமுரா தெய்ஜி, வயது இருபது."

இவாமுரா தெய்ஜிக்கு இப்போது எழுபது. வீட்டுக்குப் பின்னால் வெங்காயத்தாள் பயிரிட்டுக்கொண்டு, மனைவி கினுயோவிடம் திட்டு வாங்கிக்கொண்டு இருந்தவர். ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள், அலுவலகத்திலிருந்து மினெகிஷி என்ற அம்மாள் ஒரு பை நிறையப் படிவங்களோடு வந்து, அவரைக் 'கடைசிச் சாட்சி'யாக நியமித்திருப்பதாகச் சொன்னார். செப்டம்பர் இருபதாம் தேதி கோயில் மண்டபத்தில் ஆரைக்கு இரங்கல் விழா. குருக்கள் மந்திரம் ஓதுவார். நினைவுக்கல் திறப்பார்கள்.

தெய்ஜி முதல் படிவத்தை எடுத்துப் பார்த்தார்.

"'இறந்தவருக்கு என்ன உறவு'ன்னு கேட்டிருக்கே."

"அது மனுஷங்களுக்கு உள்ள படிவம் ஐயா. செடிக்குன்னு இன்னும் அச்சடிக்கல. பொருத்தமா எதையாவது எழுதுங்க."

தெய்ஜி பேனாவைத் திறந்து, 'கொன்றவன்' என்று எழுதினார்.

மினெகிஷி அதை வெள்ளை மையால் அழித்து, ஊதிக் காயவைத்தார். "'நெருங்கிய தொடர்புடையவர்'னு போட்டுக்கலாம் ஐயா."

"புருஷன்னு மட்டும் போட்டுடாதீங்க," என்றாள் கினுயோ, தேநீரை வைத்தபடி. "அப்புறம் நான் யாருன்னு கேட்டு இன்னொரு படிவம் வரும்."

ஒன்பது பக்கம். மினெகிஷி காட்டிய இடத்திலெல்லாம் தெய்ஜி கையெழுத்துக்குப் பதிலாகத் தன் பெயர் முத்திரையைக் குத்தினார். மேடையில் அவருக்கு இரண்டே வேலை என்று மினெகிஷி விளக்கினார். '1968க்குப் பிறகு நான் ஆரையைப் பார்க்கவில்லை' என்று ஒரு வரி சொல்ல வேண்டும். பிறகு கண் கலங்க வேண்டும். "ரொம்ப வேண்டாம் ஐயா. பின்வரிசைக்குத் தெரிஞ்சாப் போதும்." கூடவே, செடி கடைசியாக நின்ற இடத்திலிருந்து ஒரு பிடி சேறு எடுத்துவர வேண்டும், பலிபீடத்தில் வைப்பதற்கு.

சேறு என்றதும் தெய்ஜியின் முகம் மாறியதை மினெகிஷி கவனிக்கவில்லை. கினுயோ கவனித்தாள்.

அந்தக் கீழ்வயல் அவருடையதுதான்; எட்டு வருடமாக அதைத் தரிசாகப் போட்டிருந்தார். முழங்கால் வலி என்று ஊரில் சொல்லியிருந்தார். முழங்கால் அதே வலியோடு மலையேறிக் காளான் பறிக்கப் போகும்.

அந்தக் காலத்துக் களை ஒழிப்புப் படையில் ஏழு பேர் இருந்தார்கள். ஒகிதா கென்சாகு தலைவன். முதுகில் களைமருந்து நிறைந்த தகரத் தொட்டி, கையில் பம்பு. ஏழு பேரும் வரிசையாக வயலில் இறங்கினால் சக் சக் என்று ஒரே தாளமாகக் கேட்கும். வாய்க்கால் முக்கில் நின்ற கடைசிக் கொத்தைப் பார்த்தது தெய்ஜிதான். பார்க்காத மாதிரி நகர்ந்திருக்கலாம். கையைத் தூக்கி, "இங்க ஒண்ணு இருக்கு" என்று கூப்பிட்டார். ஏழு பம்பும் அந்த இடத்துக்கு வந்தன. அத்தாட்சிக்காக ஒகிதா ஒரு தண்டைக் கிள்ளிக் காகிதத்தில் மடித்துக்கொண்டான். சாயங்காலம் அயிரை மீன்கள் வெள்ளை வயிறு தெரிய மிதந்தன. இருட்டத் தொடங்கியும் ஒரு தவளை கத்தவில்லை. ஏழு பேரும் வரப்பில் உட்கார்ந்திருந்தார்கள். "காது அடைச்ச மாதிரி இருக்குல்ல" என்றான் ஒகிதா.

தெய்ஜியைத் தவிர மற்ற ஆறு பேரும் போய்ச் சேர்ந்தாயிற்று. ஒகிதாவுக்கு ஈரல். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு காரணம். ஒவ்வொருவருடைய சாவுக்கும் போய் ஊதுபத்தி ஏற்றிவிட்டு வந்த பிறகு, கீழ்வயல் பக்கம் நடந்தால் தெய்ஜிக்குப் பின்னாலிருந்து அந்தத் தாளம் கேட்கும். முதலில் ஒரு பம்பு. பிறகு இரண்டு. ஒகிதாவோடு ஆறு ஆனபோது அவர் வயலை விட்டுவிட்டார்.

இப்போது அரசாங்கம் சொல்கிறது, போகாமல் முடியாது. ஒரு சாயங்காலம் சேறு எடுக்க ஒரு மரப்பெட்டியோடு கீழ்வயலுக்குப் போனார். நாணல் தலைக்குமேல் வளர்ந்திருந்தது. நடுவில் காட்டுப்பன்றி புரண்டு புரண்டு ஒரு பள்ளம் பண்ணி வைத்திருந்தது. அதில் தண்ணீர் தேங்கி, வெளிச்சம் விழுந்தது. அந்தத் தண்ணீர்மேல் ஆரை நின்றுகொண்டிருந்தது.

அவர் நகரவில்லை. வெயில் இறங்கியது. இலைகள் ஒவ்வொன்றாக, கும்பிடுகிற கைகளைப் போல் மடங்கின. எண்ணிப் பார்த்தார். நாற்பத்து மூன்று. பின்னால் நாணலுக்குள் ஆறு ஜோடி ரப்பர் காலணிகள் சேற்றிலிருந்து பிடுங்கிக்கொண்டு வருகிற சத்தம் கேட்டது. திரும்பினார். யாரும் இல்லை. இந்த முறை அவர் கையைத் தூக்கவில்லை.

"பேயைப் பார்த்துட்டு வர்ற மாதிரி இருக்கீங்க," என்றாள் கினுயோ.

"பார்த்துட்டுத்தான் வர்றேன்."

"யாரு, ஒகிதாவா?"

"ஆரை."

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். அவர் சொல்லி முடிக்கிற வரைக்கும் கேட்டாள்.

"அப்ப விழா கிடையாதா? துக்கத்துக்கு உடுத்தற உடுப்பை எடுத்துக் காத்தாடப் போட்டிருக்கேன்."

மறுநாள் அவர் தொலைபேசியில் சொல்ல, மினெகிஷி ஓட்டமாக வந்தார். வரப்பு வரைக்கும் வந்தவர், பள்ளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டார்.

"இங்க இருக்கும்மா, இந்தப் பக்கம்."

"தெரியுது ஐயா. அதான் நான் தெற்கே பார்த்துட்டு இருக்கேன். திரும்பினா நானும் சாட்சி ஆயிடுவேன். அப்புறம் நீங்க கடைசிச் சாட்சி இல்ல. அழைப்பிதழ்ல உங்க பேரை அச்சடிச்சு ஊரெல்லாம் அனுப்பியாச்சு."

"ஒரு தடவை எட்டிப் பாரும்மா. நல்லா இருக்கு."

மினெகிஷியின் கழுத்து கொஞ்சம் அசைந்தது. ஆனால் திரும்பவில்லை. "இயக்குநர்கிட்ட நீங்களே வந்து சொல்லுங்க ஐயா," என்று தெற்குப் பக்கமாகவே நடந்து போய்விட்டார். அவருடைய கார் வடக்கே நின்றது. வயலை முழுசாகச் சுற்றித்தான் போக வேண்டியிருந்தது.

இயக்குநர் தொத்சுகா மரியாதை தெரிந்த மனிதர். தெய்ஜிக்கு நல்ல நாற்காலி போட்டு, முழுவதையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"உயிரோட ஏதோ இருக்குன்னு சொல்றீங்க. நான் மறுக்கல ஐயா. ஆனா அது ஆரை இல்ல. ஆரை ஜூலை மாசமே அழிஞ்சாச்சு. நானே கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"சாயங்காலம் இலையை மடக்குது. எனக்குத் தெரியாதா?"

"மீன்தொட்டி விக்கிற கடையில இதே மாதிரி ஒண்ணு இருக்கு. அதுவும் மடக்கும். யாராவது கொண்டாந்து போட்டிருப்பாங்க."

"அங்க பன்றியைத் தவிர யாரும் வர்றதில்லைங்க."

"பன்றி எந்தக் கடைக்குப் போயிட்டு வந்துச்சுன்னு நமக்குத் தெரியாதே."

தெய்ஜி விடவில்லை. மரபணுச் சோதனை என்று தொலைக்காட்சியில் சொல்கிறார்களே, அதைச் செய்து பார்க்கக் கூடாதா என்று கேட்டார்.

"செய்யலாம். பழைய செடியோட ஒப்பிடணும். ஒகிதா கிள்ளின தண்டு ஒண்ணுதான் நம்மகிட்ட இருக்கு. அதை நினைவுக்கல்லுக்குள்ள வெச்சு சிமெண்ட் பூசியாச்சு."

"உடைச்சு எடுக்கலாமே."

"அழிஞ்ச செடியோட நினைவுக்கல்லை உடைக்கிறது குற்றம் ஐயா. அந்த விதியை எழுதினதே நான்தான்." அவர் நாற்காலியை நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். "உங்களுக்கு மனசுவிட்டுச் சொல்றேன். விழா முடிஞ்ச மறுநாள் ஆரை மீட்புத் திட்டம் ஆரம்பம். பத்து வருஷத் திட்டம். வேற மாவட்டத்துலேருந்து நாத்து வருது. ஒரு செடி அழிஞ்சாத்தானே அதை மீட்க முடியும்? நடுவுல இது வந்து உயிரோட நின்னா, நாங்க எதை மீட்கிறது?"

மூன்றாம் நாள் உத்தரவு வந்தது. கீழ்வயலில் முளைத்துள்ள, பிறப்பிடம் தெரியாத செடி, அழிந்த ஆரையின் தூய்மைக்கு ஆபத்து விளைவிக்கும் என்பதால், விழாவுக்கு முன் ஒழிக்கப்பட வேண்டும். பொறுப்பு: களை ஒழிப்பு இளைஞர் படை.

கினுயோ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தாள். "இளைஞர் படையா? யாரு அது?"

படையைக் கலைத்ததாக எந்தக் கோப்பிலும் இல்லை. ஆகவே படை இருக்கிறது. உறுப்பினர் ஏழு பேர். வேலை செல்லுபடியாக நாலு பேராவது வர வேண்டும். அடிக்குறிப்பில் ஒரு வரி இருந்தது: வர இயலாதவர்கள் காரணத்தை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும், தெரிவிக்காதவர்கள் வந்ததாகக் கருதப்படுவர்.

"உங்க கூட்டாளிங்க எல்லாம் வர்றாங்களாம்," என்றாள் கினுயோ. சிரிக்கத்தான் சொன்னாள். தெய்ஜி ஜன்னலைச் சாத்தினார்.

விழாவுக்கு முந்தின நாள் காலையில் மினெகிஷி புது மருந்துத் தொட்டி ஒன்றையும் வருகைப் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு கீழ்வயலுக்கு வந்தார். பனி இறங்கியிருந்தது. பள்ளத்துக்கு முதுகு காட்டி நின்று பதிவேட்டைத் திறந்தார்.

"ஒகிதா கென்சாகு."

நாணல் அசைந்தது. மினெகிஷி குறி போட்டார்.

"ஹிகுச்சி மொகிச்சி."

குறி. தெய்ஜிக்கு இடது தோளருகே யாரோ மூச்சு வாங்குகிற மாதிரி இருந்தது. மொகிச்சிக்குச் சின்ன வயசிலிருந்தே இழுப்பு. அடுத்த பெயர், அதற்கடுத்த பெயர். ஒவ்வொரு பெயருக்கும் ஒருத்தன் சேற்றில் இறங்கி வரிசையில் வந்து நின்றான். யாருக்கும் வயது இருபத்தைந்துக்குமேல் இல்லை. ஒருத்தரும் அவரைப் பார்க்கவில்லை. எல்லாரும் பள்ளத்தைத்தான் பார்த்தார்கள். ஆறாவது பெயருக்குக் குறி போடும்போது மினெகிஷி காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். அவருக்கும் குளிர்ந்திருக்க வேண்டும்.

"இவாமுரா தெய்ஜி."

தெய்ஜி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இவாமுரா தெய்ஜி. வந்திருக்கேன்னு சொல்லுங்க ஐயா."

"நான் வரல."

"எதிர்ல நிக்கிறீங்களே."

"வரலைன்னு எழுத்து மூலம் தர்றேன். பேனா குடும்மா."

பதிவேட்டின் ஓரத்தில் அவர் எழுதினார்: 'ஒரு தடவை வந்தேன். போதும்.' மினெகிஷி அதை வாசித்தார். தொட்டியைப் பார்த்தார். பதிவேட்டை மறுபடி பார்த்தார். பிறகு மெதுவாக, தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போலச் சொன்னார்.

"ஏழு பேர்ல ஆறு பேர் வந்திருக்காங்க. நாலு பேர் போதும். அப்ப வேலை செல்லும்." பேனாவை எடுத்து எழுதினார். "'வந்திருந்த ஆறு உறுப்பினர்கள் செடியை முழுவதுமாக ஒழித்தனர்.' நேரம் காலை ஏழு இருபது. நான் பார்க்கல, ஆனா சத்தம் எதுவும் கேட்கல. அதனால எல்லாம் ஒழுங்கா நடந்திருக்கணும்."

மூடி திறக்காத தொட்டியைத் தூக்கிக்கொண்டு காருக்குப் போனார். தெய்ஜி நாணலுக்குள் பார்த்துத் தலை வணங்கினார். ஒகிதா இருந்திருந்தால் கேலி பண்ணியிருப்பான்.

விழா நன்றாக நடந்தது. மண்டபம் நிறைய ஆள். நிகழ்ச்சி நிரலில் பன்னிரண்டாவது, சாட்சியின் சொல்; பதின்மூன்றாவது, கண் கலங்கல்; பதினான்காவது, அனைவரும் தலை வணங்குதல். அதற்கு முன் இயக்குநர் பேசினார்.

"பெரியோர்களே, ஆரையை ஒழிக்க இந்த அலுவலகம் பன்னிரண்டு ஆண்டுகள் அரும்பாடுபட்டது. அந்த அனுபவம் இல்லாத வேறெந்த மாவட்டமும் இன்று இவ்வளவு சிறப்பாக இரங்கல் தெரிவிக்க முடியாது. செடி இருந்த காலத்தில் நம் அலுவலகத்தில் பணியாளர்கள் மூன்றே பேர். அது போன பிறகுதான் நாம் நாற்பத்திரண்டு பேராக வளர்ந்தோம். ஆகவே ஆரை வீணாகச் சாகவில்லை. கடைசிச் சாட்சி இவாமுரா ஐயாவுக்கு ஓர் இனிய செய்தி. நினைவுக்கல் இந்தக் கோயிலில் நிற்கப்போவதில்லை. ஆரை உயிர்விட்ட அதே கீழ்வயலில் நிற்கும். படிவத்தின் ஒன்பதாம் பக்கத்தில் அவரே மனமுவந்து நிலம் தந்திருக்கிறார். நாம் இங்கே அமர்ந்திருக்கும் இந்நேரத்தில் அங்கே அடித்தளத்துக்குக் கான்கிரீட் கொட்டிக்கொண்டிருக்கிறார்கள்."

தெய்ஜி எழுந்தார். ஒலிபெருக்கி முன்னால் போய் நின்றார்.

"நான் ஆரையை இன்னைக்குக் காலையில பார்த்தேன்," என்றார். "நாப்பத்து மூணு இலை. இன்னொண்ணு புதுசா விரிஞ்சிருந்துச்சு. அதோட நாப்பத்து நாலு."

அவர் கண் கலங்கியது பின்வரிசை வரைக்கும் தெரிந்தது. நிகழ்ச்சி நிரலில் போட்டிருந்தபடி எல்லாரும் தலை வணங்கினார்கள். குனிந்த தலைகள் நிமிர்வதற்குள் தெய்ஜி படியிறங்கிவிட்டார். கறுப்பு உடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கினுயோ பின்னால் ஓடினாள். வாசலில் மினெகிஷி காரின் கதவைத் திறந்துகொண்டு நின்றார்.

"எனக்குத் தெரியாது ஐயா. கான்கிரீட் விஷயம் எனக்குச் சொல்லல."

"சீக்கிரம் போம்மா."

போய்ச் சேர்ந்தபோது லாரி திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. நாணலை வெட்டிச் சரளை பரப்பி, நடுவில் எட்டடிக்கு எட்டடி கான்கிரீட். இரண்டு வேலையாட்கள் அதை அழகாக மட்டம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். பள்ளம் எங்கே இருந்தது என்று தெய்ஜிக்கே அடையாளம் தெரியவில்லை. வாய்க்கால் முக்கில் சரளை விழாத ஓரம் ஒரு முழம் மிஞ்சியிருந்தது. அவர் மண்டியிட்டு அதற்குள் கையை விட்டார். சேறு மட்டும் வந்தது. இலையுமில்லை, தண்டுமில்லை. மினெகிஷி காரிலிருந்து பிளாஸ்டிக் வாளி ஒன்றை எடுத்துவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, கான்கிரீட்டையே பார்த்தபடி நின்றார்.

"ஒரு தடவை திரும்பிப் பார்த்திருக்கலாம்," என்றார்.

சூரியன் இறங்கியது. வேலையாட்கள் கருவிகளைக் கழுவிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு ஒரு தவளை சத்தமும் இல்லை. தெய்ஜி காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். பின்னால் பம்புச் சத்தமும் வரவில்லை. அந்த ஆறு பேர்கூட அவரை விட்டுப் போய்விட்டார்கள். அதுதான் அவருக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

விழா நடவடிக்கைக் குறிப்பின் நகல் ஒரு வாரம் கழித்துத் தபாலில் வந்தது. "கடைசிச் சாட்சி துயர மிகுதியால் தேதியைக் குழப்பிக்கொண்டார். நிகழ்ச்சி உருக்கமாக அமைந்தது."

கினுயோ அதைச் சமையலறைத் தட்டுக்கு அடியில் விரித்தாள்.

வெங்காயத்தாள் பாத்தியை ஒட்டி தெய்ஜி ஒரு பள்ளம் தோண்டினார். அன்று வாளியில் அள்ளிவந்த சேற்றை அதில் கொட்டித் தண்ணீர் கட்டினார். குளிர்காலம் போயிற்று, வசந்தம் வந்தது, ஒன்றும் முளைக்கவில்லை. ஆரையின் வித்து கடுகைவிடக் கொஞ்சம் பெரிதான கறுப்புக் கூட்டுக்குள் மூடிக் கிடக்கும் என்றும், சேற்றை யாராவது கலக்கினால்தான் கூடு உடையும் என்றும் மினெகிஷி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து சொல்லிவிட்டுப் போனார். அலுவலக அடையாள அட்டை இல்லாமல், சாதாரண உடுப்பில் வந்திருந்தார். அன்றிலிருந்து தெய்ஜி தினமும் காலணியைக் கழற்றிவிட்டுப் பள்ளத்தில் இறங்கி, முன்னும் பின்னுமாக மிதித்துக்கொண்டிருந்தார்.

"பன்றி தேவலாம்," என்றாள் கினுயோ, கொல்லைக் கதவில் சாய்ந்துகொண்டு. "அது புரண்டுட்டு வீட்டுக்குப் போயிடும். இன்னும் எத்தனை நாள் இப்படி?"

"வித்து நூறு வருஷம்கூடக் கிடக்குமாம். அந்தம்மா சொன்னாங்க."

"அப்ப உங்களுக்கு என்ன வயசு ஆகும்?"

தெய்ஜி மிதிப்பதை நிறுத்திவிட்டு யோசித்தார். "நூத்தி எழுபது."

"சரி," என்றாள் அவள். "மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துடுங்க."